பதமும் பத்தியும்: பாலசரசுவதியாரின் தாய்வழி இசைநெறி

முன்னுரை

காதற்பாட்டு எவ்விடத்தில் கடவுட்பாட்டாகின்றது என்னும் வினா தமிழிலக்கிய ஆராய்ச்சியில் பழமையானது. திருக்கோவையார்க்கு உரை கண்ட பேராசிரியரும், திருவாய்மொழிக்கு வியாக்கியானம் அருளிய வைணவச் சான்றோரும் தத்தம் நெறி நின்று இவ்வினாவிற்கு விடை கூறிப் போந்தனர். 20ஆம் நூற்றாண்டில் இவ்வினா ஏட்டினின்றும் அரங்கிற்கு வந்தது. ஏட்டில் நின்றபோது அஃது உரையாசிரியர்களின் வினாவாக இருந்தது. அரங்கிற்கு வந்தபோது ஒரு குலத்துப் பெண்டிரின் வாழ்வையும் மானத்தையும் பற்றிய வினாவாயிற்று. அவ்வினாவிற்குத் தம் கலையாலும் சொல்லாலும் விடை கூறியவர் தஞ்சாவூர் பாலசரசுவதியார் (1918–1984).

பாலசரசுவதியாரை ஆடற்கலைஞர் என்றே உலகம் அறியும். ஆயின், அவர் இசைக்குடியிற் பிறந்து இசையை முதற்கண் கற்று, ஆடும்பொழுதே தாமும் பாடிய இசைவாணர். சென்னை மியூசிக் அகாதெமி 1973இல் அவர்க்குச் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் நல்கியது. இசைவாணர்க்கே வழங்கப்பெற்று வந்த அப்பட்டத்தை ஆடற்கலைஞர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை. எனவே, அவர்தம் கொள்கையை இசைவாணர் ஒருவரின் கொள்கையாகக் கொண்டு ஆராய்தல் பொருந்தும். காதல், இறையுணர்வு, தாய்வழி இசை என்னும் மூன்றும் அவரிடத்தில் ஒன்றனையொன்று எங்ஙனம் பற்றி நிற்கின்றன என்பதே இக்கட்டுரையிற் காணப்படுவது. அவர்தம் தனிவாழ்வு ஈண்டு ஆராயப்படுவதன்று.

தாய்வழி

பாலசரசுவதியாரின் குடி தாய்வழியே தலைமுறை எண்ணும் குடி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் ஆடலும் பாடலும் வல்லவராய் விளங்கிய பாப்பம்மாள் அக்குடியின் முன்னோராகக் கூறப்படுகின்றார். பாலசரசுவதியார் அவர்க்கு ஏழாம் தலைமுறையினர். இடைப்பட்ட தலைமுறைகளுள் பெரும்புகழ் பெற்றவர் வீணை தனம்மாள் (1867–1938). தனம்மாளின் மகளிர் நால்வர்: இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என்போர். நால்வரும் இசை வல்லவர். ஜெயம்மாளின் (1890–1967) மகளே பாலசரசுவதியார். காமாட்சியம்மாளின் மகளிராகிய பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடுவதில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கினர். பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். ஜெயம்மாளின் ஆண்மக்களுள் இரங்கநாதன் மிருதங்கமும், விசுவநாதன் புல்லாங்குழலும் பயின்று, தமக்கைக்குப் பக்கம் நின்று வாசித்ததோடு, அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தம் குடியின் இசையைக் கற்பித்தனர்.

இவர்கள் பெயர்முன் நிற்கும் ஓரெழுத்துத் தந்தையின் பெயரைக் குறிப்பதன்று. தஞ்சாவூர் என்னும் ஊரைக் குறிப்பது. ஊரும் தாயுமே இக்குடியின் அடையாளம் என்பது இதனாற் பெறப்படும்.

தனம்மாள் இல்லத்து இசை எத்தகையது என்பதை ஒருவாறு உணர்தல் வேண்டும். சென்னையில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் வீணை வாசிப்பார். மீட்டுகோல் இன்றி விரல் நுனியாலேயே நரம்பை மீட்டி, உடன் தாமும் மெல்லப் பாடுவார். பேரரங்கிற்குரிய முழக்கம் அங்கு இல்லை. அருகிருந்து கேட்பார்க்கே கிட்டும் நுட்பம் உண்டு. சாத்தனூர் பஞ்சநத ஐயர்வழி முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளும், பால்தாஸ் நாயுடுவழி க்ஷேத்திரய்யர் பதங்களும் அவ்வில்லத்தை அடைந்தன. தருமபுரி சுப்பராயர் தம் ஜாவளிகளுள் ஒன்றனைத் தனம்மாளின் பொருட்டே இயற்றினார் என்று வழிவழியாகச் சொல்வர்.

இவ்வில்லத்திலேதான் பாலசரசுவதியார் பிறந்தார். இசை அவர்க்குப் பாடமாக வரவில்லை. பேச்சு வருமுன்னரே செவிவழிப் புகுந்தது. நான்காம் வயதில் தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் ஆடல் பயிலத் தொடங்கினார். ஏழாம் வயதில், 1925இல், காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் அரங்கேறினார். மயிலாப்பூர்க் கௌரியம்மாளிடமும், பின்னர் வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியாரிடமும் அபிநயம் கற்றார். ஆடலாசிரியர் பலராயினும் இசையாசிரியர் தாயே. மகள் ஆட, ஜெயம்மாளே அரங்கில் அமர்ந்து பாடினார். மகள் தேர்ச்சியுற்ற பின்னரும் பல்லாண்டுகள் அவர் பாடிவந்தார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவியின் அரங்கேற்றத்திற்கு வேண்டியவராக ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. பாலசரசுவதியார்க்கு இவற்றுட் பல ஒரு மனைக்குள்ளேயே அமைந்தன. பாட்டுத் தாயினது, நரம்பு பாட்டியினது, தண்ணுமையும் குழலும் உடன்பிறந்தாருடையன. அவர்தம் கலைக்கொள்கையை அறிதற்கு இந்நிலை இன்றியமையாதது. ஆடல் என்பது இசை கண்ணுக்குப் புலனாகும் வடிவம் என்று அவர் கூறியதும், ஆடுவோர் இசையிலும் நிறைந்த பயிற்சி பெறுதல் வேண்டும் என்று வற்புறுத்தியதும் இம்மனையிலிருந்து எழுந்த கருத்துக்களே.

பதம் என்னும் பாட்டுவகை

பதம் என்பது காதலைப் பொருளாகக் கொண்டு, மெல்லிய நடையில், பெரும்பாலும் தலைவி கூற்றாக அமையும் இசைப்பாட்டு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, தஞ்சை விசயராகவ நாயக்கரால் போற்றப்பெற்ற க்ஷேத்திரய்யரின் தெலுங்குப் பதங்கள் இவ்வகைக்குத் தலைமையானவை. தமிழில் முத்துத்தாண்டவரும், பின்னாளில் கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் முதலியோரும் பதங்கள் இயற்றினர். தலைவன் மூவ்வகோபாலனாகவோ முருகனாகவோ தில்லைக் கூத்தனாகவோ இருப்பான். சிலவற்றில் புரவலனாகிய மன்னனாகவும் இருப்பான். தலைவி பெயரற்றவள். அவள் தோழியிடம் பேசுவாள். அன்றித் தலைவனிடமே ஊடிப் பேசுவாள்.

இவ்வமைப்பைக் காணும் தமிழ் மாணவர்க்கு அகத்திணை நினைவிற்கு வாராதிராது. கூற்று நிகழ்த்துவோர், கேட்போர், ஊடல், தூது, வாயில் மறுத்தல் என்னும் இவையனைத்தும் மருதத்திணையிற் கண்டவையே. பதங்களிற் பரத்தை கூற்றாகவும் சில உள. அவைபற்றியே பிற்காலத்துப் பூசல் மிகுந்தது. ஆயின், காதற்பரத்தையும் இற்பரத்தையும் கூற்று நிகழ்த்தும் பாடல்கள் நம் தொகைநூல்களிலும் உள. அவற்றை நாம் விலக்காது கற்றும் கற்பித்தும் வருகின்றோம்.

பதம் அரங்கில் நிகழும் முறையும் அறியத்தக்கது. வரி ஒன்றே, பாடுவோர் அதனை மீண்டும் மீண்டும் பாடுவர். ஒவ்வொரு முறையும் இராகத்தின் புதியதோர் சாயல் வெளிப்படும். ஆடுவோர் ஒவ்வொரு முறையும் அவ்வரிக்குப் புதியதோர் பொருள் காட்டுவர். எடுத்துக்காட்டிற்காக, 'அவர் வரவில்லை' என்னும் எளிய தொடரைக் கொள்வோம். முதன்முறை அது செய்தி மாத்திரையாய் நிற்கும். அடுத்த முறை, வழியில் இடையூறு நேர்ந்ததோ என்னும் அச்சமாகும். பின்னர், வேறொருத்தி மனைக்குச் சென்றானோ என்னும் ஐயமாகும்; பின்னர்ச் சினமாகும்; அதன்பின், வாராதவனையே நினைந்திருக்கும் தன் பேதைமையை நோக்கித் தானே நகும் நகையாகும். இறுதியில் வருதலும் வாராமையும் கடந்து நினைவொன்றே எஞ்சும். சொல் மாறவில்லை, மெய்ப்பாடு மாறிற்று. மெய்ப்பாட்டை மாற்றியது சுரத்தின் அசைவு. ஆகவே, இசையறியாதார் பதத்திற்கு அபிநயம் செய்யின் அகராதிப் பொருளைக் கையாற் காட்டுவதன்றி வேறொன்றும் செய்யவியலாது. பாலசரசுவதியார் ஒரு வரிக்குப் பல்வேறு பொருளை அவ்வப்பொழுதே கற்பித்துக் காட்டும் ஆற்றலிற் சிறந்தார் எனின், அவ்வாற்றலின் வேர் ஜெயம்மாளின் பாட்டில் உள்ளது.

பூசல்

தேவதாசியர் முறையை ஒழித்தற்கு எழுந்த இயக்கத்தின் வரலாறு அறிஞர் அறிந்ததே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் இதுபற்றித் தீர்மானம் கொணர்ந்தார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. அக்குலத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை' என்னும் புதினம், அம்முறையால் விளைந்த துன்பத்தை உள்ளிருந்து கண்டு உரைத்தது. சிறுமியரின் விருப்பத்தைக் கேளாது அவர்தம் வாழ்வை முடிவு செய்த வழக்கம் ஒழிந்தது நன்றே. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயின், முறையை ஒழித்தாரிற் சிலர் அம்முறையிலே வளர்ந்த கலையையும் ஐயுற்றனர். வேறு சிலர் கலையைக் காத்தல் வேண்டும், ஆனால் அதனைத் தூய்மைப்படுத்திக் காத்தல் வேண்டும் என்றனர். 1935இல் அரங்கேறி, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியார் இரண்டாம் கருத்தினர். ஆடற்கலைக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. காதலினும் பத்தியே முதன்மை பெறுதல் வேண்டும் என்று கருதி, உடலின்பத்தை வெளிப்படக் கூறும் சில பதங்களை அவர் ஏற்றிலர். அவரும் மயிலாப்பூர்க் கௌரியம்மாளிடம் கற்றவரே. ஓராசிரியரிடம் கற்ற இருவர் இருவேறு கொள்கையினராயினர் என்பது குறிக்கத்தக்கது.

பாலசரசுவதியாரின் விடை தெளிவானது. பரதநாட்டியத்திற் புதிதாகத் தூய்மைப்படுத்த வேண்டியது ஒன்றுமில்லை. அஃது இயல்பிலேயே தெய்வத்தன்மை உடையது என்றார். ஒளிரும் பொன்னுக்கு மெருகிடுவதும் தாமரைக்கு வண்ணம் தீட்டுவதும் போன்றதே அம்முயற்சி என்பது அவர்தம் கருத்து. சுவைகள் யாவற்றுள்ளும் சிருங்காரமே தலையாயது, மானிடவுயிர் இறைவனோடு ஒன்றுதலை உணர்த்த வல்லது அதுபோற் பிறிதில்லை என்றும், ஆடலில் நாம் நுகரும் சிருங்காரம் உடல்வேட்கை ஆகாது என்றும் அவர் உறுதியாக மொழிந்தார்.

தமிழ் மாணவர் இவ்விரு கொள்கையையும் நடுநின்று ஆராய்தல் வேண்டும். தூய்மை வேட்கை இக்கலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. திருக்குறளை இலத்தீன் மொழியில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்துக் காமத்துப்பாலை விடுத்தார். அதனால் 250 குறட்பாக்களின் பெருமை குன்றவில்லை. ஐரோப்பிய வாசகர்க்கே அவை கிட்டாது போயின. விலக்கப்படுவது எதுவெனினும், விலக்குவோர் எதனை அஞ்சுகின்றனர் என்று வினவுதல் ஆராய்ச்சியாளர் கடன்.

பெயர் சுட்டாமையும் இசையும்

அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் சுட்டின் அது புறமாகும். நெடுநல்வாடை பிரிவுத்துயரைப் பாடியதாயினும், பாண்டியர்க்குரிய வேம்பு ஆண்டுக் குறிக்கப்படுதலின் அதனைப் புறம் என்றே நச்சினார்க்கினியர் கொண்டார். இந்நெறியின் பயன் யாது? ஒருவர்க்கு நிகழ்ந்த காதல் ஊர்ப்பேச்சாகும். எவர்க்கும் உரியதாகிய காதல் இலக்கியமாகும். பெயரை நீக்கியதனால் நம் முன்னோர் காதலை ஒருவரிடமிருந்து பிரித்து யாவர்க்கும் உரியதாக்கினர். அகப்பாட்டின் தூய்மை பொருளை விலக்கியதால் வந்ததன்று. பெயரை விலக்கியதால் வந்தது.

பத்தி இலக்கியம் இந்நெறியை நெகிழ்த்தது. திருக்கோவையாரின் 400 பாடல்களிலும் கிளவித்தலைவன் பெயரற்றவனாகவே நிற்க, தில்லையிறைவன் பாட்டுடைத்தலைவனாகின்றான். நம்மாழ்வாரிடத்தில் இறைவனே கிளவித்தலைவனுமாகின்றான். திருவாய்மொழியின் 100 திருவாய்மொழிகளுள் 27 பெண் கூற்றாக அமைந்தவை. அவற்றுள் தோழி கூற்று 3, தாய் கூற்று 7, தலைமகள் கூற்று 17. ஞானநிலையில் ஆழ்வார் தாமாகவே பேசுகின்றார். அன்புநிலையிற் பெண்ணாகிப் பேசுகின்றார் என்பது ஆசாரிய ஹிருதயம் தரும் விளக்கம். ஈண்டுத் தலைவன் பெயர் சுட்டப்படினும் காதல் ஊர்ப்பேச்சாகவில்லை. பாடுவார் தம் ஆண்மையையும் தம் பெயரையும் துறந்து நிற்றலே அதற்குக் காரணம்.

பதம் இதனினும் ஒருபடி அப்பாற் செல்கின்றது. பதத்தில் தலைவன் பெயர் உண்டு. ஏட்டில் தலைவி பெயரற்றவள். ஆனால் அரங்கில் அவளுக்கு ஒரு முகம் வந்துவிடுகின்றது. காண்போர் முன் நிற்பவள் ஊரறிந்த ஒரு பெண். அவள் குலமும் ஊரறிந்தது. பெயரைச் சுட்டாது விடலாம். முகத்தைச் சுட்டாது விடல் எங்ஙனம்? சீர்திருத்தம் விழைந்தாரின் அச்சம் இவ்விடத்திலேதான் வேர்கொண்டுள்ளது. பாட்டின் தலைவிக்கும் ஆடும் பெண்ணுக்கும் இடையே உள்ள திரை கிழியின், காதல் காட்சிப்பொருளாகும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் வெறுமையானதன்று.

அத்திரை யாது என்பதே உண்மையான வினா. பொருளை மாற்றுதலே திரை என்றனர் ஒரு சாரார். இசையே திரை என்பது பாலசரசுவதியாரின் விடை. தன்னைத் தாளத்திலும் இசையிலும் கரைத்துவிட்ட ஆடற்கலைஞரின் உடல் வெறும் கருவியாகின்றது. ஆன்மா நுகர்தற்கும் வெளிப்படுதற்கும் உரிய கருவியாகின்றது என்பது அவர் கொள்கை. சொல் தலைவனைச் சுட்டுகின்றது. முகம் தலைவியைச் சுட்டுகின்றது. இராகம் எவரையும் சுட்டுவதில்லை. முகாரியின் துயர் ஒருவர் துயரன்று. சகானாவின் குழைவு ஒருவர் குழைவன்று. அகப்பாட்டிற் பெயர் சுட்டாமை ஆற்றிய பணியைப் பதத்தில் இராகம் ஆற்றுகின்றது எனக் கூறுதல் பொருந்தும்.

இவ்வாறு கொள்ளின், இசையைத் தாய்வழிப் பெற்றதன் இன்றியமையாமையும் விளங்கும். தன்னைக் கரைத்தல் அரங்கில் அப்பொழுது முயன்று செய்யும் செயலன்று. சுரத்தை எண்ணிக்கொண்டே ஆடுவார்க்குத் தம் நினைவு நீங்காது. மொழியைப் போல இசை இயல்பாய் ஊறியிருந்தாலன்றி ஆடுவார் தம்மை மறத்தல் அரிது. அவ்வூற்றைப் பாலசரசுவதியார்க்கு அளித்தவர் ஜெயம்மாள். ஆதலின் தாயைப் பின்பற்றியது ஒரு பற்று, காதற்பாட்டைப் போற்றியது பிறிதொரு பற்று, இறையன்பு மூன்றாவது பற்று எனப் பிரித்துரைத்தல் இயலாது. தாய் தந்த இசையாலேயே காதற்பாட்டு அவரிடம் கடவுட்பாட்டாயிற்று.

கோயிலும் கருவறையும்

தமிழிசைச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் 1975 டிசம்பரில் பாலசரசுவதியார் நிகழ்த்திய தலைமையுரை இக்கொள்கையின் முழுவடிவம் ஆகும். ஆடல் நிகழ்ச்சியின் மரபுவழி வரிசையை அவர் ஒரு பெருங்கோயிலாகக் கண்டார். அலாரிப்பு கோபுரம், சதிசுரம் அர்த்தமண்டபம், சப்தம் மகாமண்டபம், வர்ணத்தில் இறைவனின் திருமுன்னை அடைகின்றோம். அதன்பின் வருவது பதம். தீபங்களின் ஆரவாரம் அடங்கி, முழவொலி ஓய்ந்து, இறைவன் அணுக்கத்தில் மந்திரம் மெல்ல ஓதப்படும் குளிர்ந்த பொழுதிற்குப் பதத்தை அவர் உவமித்தார். தில்லானாவை இறுதியில் ஏற்றும் கற்பூரத்திற்கும், பின்வரும் சுலோகத்தைப் புறத்தே கண்ட இறைவனை அகத்தே கொண்டு செல்லுதற்கும் ஒப்பிட்டார்.

இவ்வுவமையில் நாம் கருதற்பாலது ஒன்று உண்டு. தூய்மைப்படுத்த விழைந்தார் வெளியே நிறுத்திய பதத்தை இவர் கருவறைக்குள் வைத்தார். கைகால் வீச்சும் தாளக்கட்டும் கோபுரமும் மண்டபமும் ஆயின; காதலோ உள்ளே நிற்பதாயிற்று. வர்ணத்தின் விரைவும் வலிமையும் கழிந்த பின்னரே பதத்தின் அமைதி வருகின்றது. காளைப்பருவத்து ஆற்றல் ஓய்ந்த பின்னரும் ஆடவல்லது பதம் ஒன்றே. அதற்கு வேண்டுவது உடல்வன்மை அன்று; உணர்வின் முதிர்ச்சியும் இசையின் முதிர்ச்சியும் ஆம். ஆதலின் வரிசையை மாற்றலாகாது என்று அவர் வற்புறுத்தியது பழமைப்பற்று மாத்திரையன்று. பொருள்பற்றிய கொள்கையும் ஆகும்.

அவர் இக்கொள்கையை உரையினால் மட்டும் நிறுவவில்லை. 1953இல் மியூசிக் அகாதெமியின் சார்பில் தொடங்கப்பெற்ற ஆடற்பள்ளியிற் கற்பித்தார். 1961இல் தோக்கியோவிலும், 1962இல் அமெரிக்காவிலும், 1963இல் எடின்பரோவிலும் ஆடினார். தெலுங்கும் தமிழும் அறியாத அவையோர் முன்னும் பதங்களையே தலைமையாகக் கொண்டார். சத்தியசித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' என்னும் ஆவணப்படத்தில் வியாசராயரின் கன்னடப் பாட்டொன்றிற்குக் கடற்கரையில் அவர் ஆடும் காட்சி உள்ளது. அப்பாட்டின் பொருள் தாய் குழந்தைக் கண்ணனை அழைத்தல். அகவை ஐம்பதைக் கடந்த ஒருவர் அணிமணி மிகுதியின்றி நின்று காட்டும் அவ்வபிநயத்தைக் காண்பார், காதலும் தாய்மையும் வழிபாடும் ஓரிடத்தினின்றே எழுவதை உணர்வர்.

மணிமேகலையும் பாலசரசுவதியாரும்

தாயின் கலைவழியைப் பின்பற்றுதல் எஞ்ஞான்றும் போற்றத்தக்கதோ என்னும் ஐயம் ஈண்டு எழும். நம் காப்பியமே இதற்கு எதிர்ச்சான்று தருகின்றது. ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கிப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறித் தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்ற மாதவி, தன் மகள் மணிமேகலையை அவ்வழியிற் செலுத்தவில்லை. பாட்டியாகிய சித்திராபதி குலமரபைக் காட்டி வற்புறுத்தியும், தாயும் மகளும் துறவை மேற்கொண்டனர். மணிமேகலைக்குத் தாய்வழி என்பது விலக்கற்பாலதாயிற்று.

பாலசரசுவதியார் மணிமேகலையின் எதிர்நிலையில் நிற்பவராகத் தோன்றுவார். ஆழ்ந்து நோக்கின் அவ்வாறன்று. சித்திராபதி காக்க விரும்பியது குலத்தின் தொழில். ஜெயம்மாள் அளித்தது குலத்தின் இசை. மணிமேகலை மறுத்தது ஆடலையோ யாழையோ அன்று. தன் வாழ்வைப் பிறர் முடிவு செய்வதையே அவள் மறுத்தாள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததும் அதனையே. தொழிலும் இசையும் ஒருங்கு பிணைந்திருந்த காலத்தில் ஒன்றை விலக்கி ஒன்றைக் காத்தல் எளிதன்று. குலத்தின் மேல் இழிவு சுமத்தப்பட்ட காலத்தில், அக்குலத்தின் இசையைத் தலைநிமிர்ந்து பாடியும் ஆடியும் காட்டியது பாலசரசுவதியாரின் துணிவு. மணிமேகலையின் துறவும் இவர்தம் பற்றும் ஒரே மான உணர்வின் இருவேறு வெளிப்பாடுகள் எனலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பாலசரசுவதியார்க்கு வாய்த்த பாட்டியும் தாயும் அக்குலத்துச் சிறுமியர் யாவர்க்கும் வாய்த்திலர். இசையின் பெருமையைக் கொண்டு முறையின் கொடுமையை மறைத்தல் தவறு. முறையின் கொடுமையைக் கொண்டு இசையின் பெருமையை மறுத்தலும் அத்தகைய தவறே. இராமாமிர்தம் அம்மையாரின் சான்றும் பாலசரசுவதியாரின் சான்றும் நம் வரலாற்றிற்கு ஒருங்கே வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பதத்தின் காதல் அகமரபின் வழிவந்தது. அரங்கில் அக்காதலை ஒருவர்க்குரியதாகாமற் காப்பது இசை. அவ்விசை பாலசரசுவதியார்க்குத் தாய்ப்பாலொடு வந்தமையின், காதலையும் பத்தியையும் வேறுபடுத்த வேண்டிய தேவை அவர்க்கு எழவில்லை.

1984இல் அவர் மறைந்தார். அவர் மகள் இலட்சுமி நைட் 2001இல் மறையும்வரை தாயின் நெறியிலேயே ஆடினார். பெயரன் அனிருத்தனும் அவ்வழியிற் பயின்று ஆடிவருகின்றார். இன்று பதம் கற்போரிற் பெரும்பாலார் அதனைத் தாயிடம் கற்பதில்லை. பிறப்பால் வந்த தடையும் பிறப்பால் வந்த உரிமையும் ஒருங்கே நீங்கின. எவரும் கற்கலாம் என்னும் நிலை பெரும்பேறு. ஆனால், தாய்மடியிற் கிடைத்த நெடும்பயிற்சியின் இடத்தை இனி எது நிரப்பும் என்பதற்கு விடை காணுதல் வேண்டும்.

தமிழ்த்துறையினர்க்கும் இதிற் பங்கு உண்டு. தமிழ்ப் பதங்களை நாம் பெரும்பாலும் சொல்லளவிலேயே அச்சிட்டுப் படிக்கின்றோம். சொல்லளவிற் படிப்பார்க்கு அவற்றுட் சில எளிய காமப்பாட்டாகவே தோன்றி, சிற்றிலக்கிய வரலாற்றில் ஓரிரு வரியோடு கழியும். இராகத்தையும் தாளத்தையும் நீக்கிப் பதத்தைப் படித்தல், திணையையும் துறையையும் கூற்றையும் நீக்கி அகப்பாட்டைப் படித்தலை ஒக்கும். முதுகலை மாணவர் பிருந்தா, முக்தா ஆகியோரின் பாட்டுப் பதிவுகளைக் கேட்டும், பாலசரசுவதியாரின் ஆவணப்படத்தைக் கண்டும், பின்னர்ப் பதத்தின் சொல்லை ஆராய்வாராயின், முத்துத்தாண்டவர் முதலாக வரும் தமிழ்ப் பதங்களுக்கு உரிய இடத்தை நம் இலக்கிய வரலாற்றிற் காட்டவியலும். அவற்றிற்குக் கூற்று, கேட்போர், இராகம், மெய்ப்பாடு என்னும் நான்கையும் குறித்த நல்லதோர் பதிப்பு வேண்டும். அப்பணி இலக்கணமும் இசையும் ஒருங்கு கற்ற மாணவரை எதிர்நோக்கி நிற்கின்றது.